கடைசிப் பத்து நிமிடம்

பினாங்குத் தீவின் பாயான் பாருவில், மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு எதிர்வரிசையில், ஒரு பல் கிளினிக்கின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நான் எழுதிவந்த நாளிதழில் விளையாட்டுப் பக்கம் பாதியாகி, பிறகு ராசிபலனோடு இடம் பகிர்ந்துகொண்ட காலத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். பாஸ் தமிழ் முஸ்லிம். குடும்பத்துக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை உண்டு. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் எதிர்காலத்துக்கு வந்திருந்தார்.

"இனிமே யாரும் ஸ்டேடியத்துக்குப் போக வேணாண்ணே. கண்ணாடிய மாட்டினா ஸ்டேடியம் வீட்டுக்கு வந்துரும்" என்பார்.

ஸ்டேடியத்துக்கு ஏற்கெனவே அதிகம் பேர் போவதில்லை என்பதை நான் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது.

மெய்நிகர்க் கண்ணாடிக்குள் தெரியும் மாநிலக் கால்பந்து அணியின் ஆட்டம் உண்மையான நேரடி ஒளிப்பதிவிலிருந்து வரும். சுற்றியிருக்கும் கூட்டம், கூச்சல், தின்பண்டம், வானம் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கும். என்ன வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அது தருவதை ரசிகரைச் சுற்றிப் பொருத்துவது வடிவமைப்பாளரின் வேலை. அவர் முப்பதை நெருங்கிய பெண், ஒப்பந்த ஊழியர். பாலத்துக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பதிவு செய்திருந்தார். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் வங்கி கடன் தராது. கோலாலம்பூர் முதலீட்டாளர்கள் கையெழுத்திட்டால் கடிதம் உண்டு. இல்லையென்றால் மாதக் கடைசியோடு வேலையும் போகும், வீடும் போகும். முதலீட்டாளர்கள் கேட்டது ஒன்றுதான்: சோதனைக்கு வரும் ரசிகர்கள் ஆட்டம் முடியும்வரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

'பினாங்குத் தமிழ் ரசிகர்கள்' என்று முதலில் எழுதினேன். பட்டுப்புடவையும் ஜிப்பாவும் அணிந்த ஒரு கூட்டம் கழுத்தில் மாலையோடு வந்து உட்கார்ந்தது. கோல் விழுந்ததும் பூத்தூவியது. 'சாதாரண உடை' என்று திருத்தினேன். மாலை மட்டும் போயிற்று. கச்சாங் பூத்தே கடலை விற்பவரைக் கேட்டதற்கு, உயரமான வெள்ளைத் தொப்பி போட்ட ஓட்டல் சமையற்காரர் ஒருவர் முறுக்குத் தட்டோடு படியேறினார்.

நடுவரைத் திட்டும் குரல்களைக் கேட்டபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. பிறரைப் புண்படுத்த இயலாது என்று கருவி மறுத்துவிட்டது. பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது இறங்கிவந்து கொடுத்ததை, கிழக்குப் பக்க ரசிகர் மேடை முழுவதும் ஒரே குரலில் முழங்கியது: "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள்!"

முதல் சோதனைக்குச் சுங்கை பினாங்கிலிருந்து ஓர் அக்கா வந்தார். எதிரே உள்ள தொழிற்சாலையில் வேலை. அணியின் எந்த ஆட்டத்தையும் தவறவிடாதவர். அதே ஷிப்டில் வேலை செய்யும் தோழி ஒருவரை மோட்டாரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். நடுவருக்கான வேண்டுகோளைக் கேட்டதும் கண்ணாடிக்குள்ளிருந்தே கேட்டார்:

"யாருடி இவங்க? கோயில் கமிட்டியா?"

ஆனாலும் நன்றாகத்தான் பார்த்தார்கள். கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா கண்ணாடியைக் கழற்றினார், மேசையிலிருந்த ஹெல்மெட்டை மாட்டினார், விறுவிறுவென்று லிஃப்டை நோக்கி நடந்தார். தோழி பின்னாலேயே ஓடினார். வடிவமைப்பாளர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பத்து காவான் வீடு இடிந்துகொண்டிருந்தது.

பாஸ் கூட்டம் போட்டார். காரணத்தைக் கருவியிடமே கேட்டார். ரசிகர்களுக்கு உணர்வுபூர்வமான நிறைவு தேவை என்று அது ஒரு பக்கம் எழுதி, வாணவேடிக்கையைப் பரிந்துரைத்தது. வைத்தோம். அடுத்த சோதனையில் அக்கா இன்னும் சீக்கிரமாக எழுந்துவிட்டார். இடி இடிக்கிறது, மோட்டார் சீட் நனையும் என்று நினைத்தாராம்.

இந்த முறை வடிவமைப்பாளர் லிஃப்டை மறித்துக்கொண்டு நின்றார். "அக்கா, ஆட்டம் பிடிக்கலியா?"

"பிடிச்சிச்சே."

"அப்புறம் எதுக்கு எந்திரிச்சீங்க?"

அக்கா யோசித்தார். "அதான் எனக்கும் தெரியல."

"ஸ்டேடியத்துல எப்பவும் அந்நேரத்துக்குத்தானே கெளம்புவோம்" என்றார் தோழி. "லேட்டானா மோட்டார் வெளிய வராது லா. ஒரே ஜாம்."

"இங்க கீழ உங்க மோட்டார் மட்டுந்தான் நிக்குது."

"தெரியும். காலு கேக்கலியே!" என்றார் அக்கா.

நான் சிரிக்கவில்லை. எங்கள் அணியின் ரசிகர்களில் பாதிப்பேர் கடைசி நேர கோல்களைக் காதால் மட்டுமே அறிந்தவர்கள். செய்தியாளர் மேடையிலிருந்து அவர்கள் முதுகுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை வடிவமைப்பாளர், மோட்டார் நிறுத்துமிடத்தையும் வெளிவாசல் நெரிசலையும் உருவாக்கப்போவதாகச் சொன்னார். பாஸ் தலையில் கைவைத்தார்.

"ஜாமை யாராச்சும் காசு குடுத்துப் பாப்பாங்களாம்மா?"

"எழுந்திருச்சா எழுந்திருக்கட்டும் பாஸ். கண்ணாடிக்குள்ளயே நடக்கட்டும்."

எங்கள் ரசிகர்களைக் கல்யாண வீடாக்கிய அதே கருவி, நெரிசலை முதல் முயற்சியிலேயே சரியாக வரைந்தது. குறுக்கே நிற்கும் கார், நடைபாதையில் ஏறும் மோட்டார்கள், யாரும் மதிக்காத விசில்காரர் என்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்றில் மட்டும் அதற்கு உலகம் முழுவதிலிருந்தும் பாடம் கிடைத்திருக்க வேண்டும்.

முதலீட்டாளர்கள் வந்த அன்று, கடைசிப் பத்து நிமிடத்தில் அக்காவின் கை கண்ணாடிக்குப் போனது. அதற்குள் அக்காவின் கண்முன்னால் வெளியேறும் வழி திறந்தது. கை இறங்கியது. அக்கா கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கைப்பிடியை அழுத்தி, கண்ணாடிக்குள்ளேயே படியிறங்கி மோட்டார்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தார். தோழியும் சேர்ந்தார். அப்போது பின்னால், ஸ்டேடியத்துக்குள், பெரும் கூச்சல் எழுந்தது.

"போச்சு! கோலு!" என்று அக்கா அலறினார். "யாருடி அடிச்சது? நம்மளா, அவனுங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே கெளம்பு கெளம்புன்ன!"

"நானா? எப்பவும் உன்னாலதாண்டி!"

கருவி உருவாக்க மறுத்த சொற்கள் அத்தனையும் அதன்பிறகு வந்தன. சில நடுவருக்கு, சில எதிரணிக்கு, மிச்சம் ஒருவருக்கொருவர். இறுதி விசில்வரை கண்ணாடி கழலவில்லை. தமிழ் தெரியாத முதலீட்டாளர்கள் இவ்வளவு ஆழ்ந்த ஈடுபாட்டைப் பார்த்ததில்லை என்றார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, ரசிகர்களின் மனத்தை ஆராய்ந்தோம் என்றார் பாஸ்.

கையெழுத்தானது. வடிவமைப்பாளருக்குக் கடிதம் கிடைத்தது, வங்கி சம்மதித்தது. அவர் பத்து காவானுக்குக் குடிபோனார். தீவிலுள்ள அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இப்போது தினமும் பாலத்தைக் கடக்க வேண்டும். போன வாரம் மாலையில் ஏதோ கேட்க அவரை அழைத்தேன். பின்னணியில் ஹாரன் சத்தம்.

"எங்கேம்மா இருக்கே?"

"பாலத்துலயே இன்னும் ஏறலண்ணே."

"நீ செஞ்ச ஜாம் மாதிரி இருக்கா?"

"அதே மாதிரிதாண்ணே இருக்கு" என்றார். "கழட்டிப் போடத்தான் கண்ணாடி இல்ல."