இனோங்கே கைகாட்டிய யானை

இனோங்கேக்கு இப்போது எங்கள் ஊரில் யாரும் ஒரு கல் உப்புகூடக் கொடுப்பதில்லை. பொய்க்காரியாம். அந்தப் பொய்யை அவள் வாயில் திணித்ததே நாங்கள்தான்.

அவள் புருஷன் லுபிண்டாவை மக்காச்சோளக் கொல்லையில் மிதித்துக் கொன்றது ஒற்றைக்கொம்பன், ஒரே தந்தமுள்ள யானை. சாம்பேசி ஆற்றங்கரையில் அதைத் தெரியாதவர் இல்லை. அதைச் சுடச்சொல்லி இனோங்கே ஊர்க் கமிட்டியிடம் நடையாய் நடந்தாள். அந்தக் கொல்லையை விட்டால் அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் களி கிண்ட வேறு வழியில்லை.

எங்களுக்கோ வேட்டைக்கு வெளிநாட்டுக்காரன் வந்தால் திருவிழா. தந்தம் அவனுக்கு, கறி ஊருக்கு. ஆளைக் கொன்ற யானையைச் சுட வேண்டும் என்று எழுதிக் கமிட்டிக்காரர்கள் அனுமதி வாங்கினார்கள். வந்தவன் ஒற்றைத் தந்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இரண்டு தந்தமும் நீண்ட வேறொரு கிழட்டு யானையைச் சுட்டான். ஆளைக் கொன்றது இதுதான் என்று வனத்துறை அதிகாரி முன்னால் சாட்சி சொல்ல இனோங்கேயைக் கூப்பிட்டார்கள்.

ஊர்த் தலைவர் முவிலிமா அவளை ஓரமாக அழைத்தார். கறி வாங்க வந்த நான் வாளியோடு பக்கத்தில்தான் நின்றேன்.

"இதுதான்னு சொல்லிடு தாயி."

"இது இல்லீங்கய்யா. இதுக்கு ரெண்டு தந்தம் இருக்கே."

"இல்லன்னு சொன்னா கறிய லாரில ஏத்திட்டுப் போயிடுவாங்க. ஒத்தக்கொம்பன அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பின்னால் நின்ற நாசிலேலே பொறுமையிழந்தாள். "செத்தவனுக்கு எந்த யானையா இருந்தா என்னடி? சீக்கிரம் சொல்லித் தொலை, வெயில்ல கறி நாறுது."

எல்லோரும் சிரித்தோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள். இனோங்கே "இதுதான்" என்று சொல்லிக் கைரேகை வைத்தாள். துதிக்கையில் ஒரு துண்டு அவளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

அடுத்த அறுவடைக்கு ஒற்றைக்கொம்பன் வந்துவிட்டது. இனோங்கே அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"ஒன் புருஷனக் கொன்ன யானையத்தான் சுட்டாச்சேம்மா. நீதான ரேகை வெச்சிருக்க."

"அது வேற யானைங்க."

"அப்ப பொய்ச்சாட்சியா சொன்ன? ஜெயிலுக்குப் போறியா, வீட்டுக்குப் போறியா?"

வீட்டுக்கு வந்தாள். நான்காம் நாள் காலையில் ஆற்றுக்குப் போன நாசிலேலேயின் புருஷனை ஒற்றைக்கொம்பன் மிதித்தது. சாக்கில் அள்ளித்தான் கொண்டுவந்தோம்.

துக்கம் கேட்க இனோங்கே போனாள். நாசிலேலே அவள் முடியைப் பிடித்தாள்.

"அது செத்துப்போச்சுன்னு நீதானடி கைகாட்டுன? அத நம்பித்தான எம்புருஷன் ஆத்துக்குப் போனான்."

நம்பினானாம். ஒற்றைக்கொம்பன் உயிரோடிருப்பது ஊருக்கே தெரியும், நாசிலேலேக்கும் தெரியும். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனோங்கே எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"நீ பக்கத்துலதான நின்ன? சொல்லேன்."

நான்தான் அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன்.