மூர்த்தி வீட்டு அலமாரி விளிம்பு

ஜாலான் புசார் ஹார்டுவேர் கடையில் நேற்று சிலிக்கோன் பசையைக் கொஞ்சம் அட்டையில் பிதுக்கிக் காட்டினார்கள். குப்பென்று வினிகர் நெடி. உடனே மூர்த்தி ஞாபகம் வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும். இத்தனை வருஷம் கழித்துமா என்று சிரிக்காதீர்கள்.

சமையலறைத் தொட்டியடி அலமாரியின் பலகை விளிம்புக்குப் பூச ஏதாவது வேண்டியிருந்தது. "ஒயிட் குளூ வேணாண்ணே, தண்ணி பட்டா இளகிடும் லா. வார்னிஷ் உரிஞ்சிடும். இத எடுங்க. ஆனா ஒரு நாள் முழுக்க ஈரமே படக்கூடாது," என்றார் கடைக்காரர்.

பழைய அடுக்குமாடி புளோக்கில் மூர்த்தி எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் செய்த ஒரே மாதிரி அலமாரி. என்னுடையது தேநீரில் விழுந்த ரஸ்க் போல உப்பியது. அவனுடையது அப்படியே நின்றது. என் மனைவி கல்யாணி போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். "மூர்த்தி அண்ணன் வீட்டப் பாருங்க, புதுசு மாதிரியே இருக்கு!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன பூசினாய் என்று அவனிடம் கேட்பதா? செத்தாலும் மாட்டேன்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அவன் மறுபடி பூசினான். அன்று குடும்பத்தோடு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "தங்கச்சி, உன் ரசத்துக்காகத்தான் வந்தோம்," என்றான். கல்யாணிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு அந்த ரசமே இறங்கவில்லை.

அவன் வாசலில் கிடந்த காலிப் பசைக் குழாயை நோட்டம் விட்டு, அதையே வாங்கிப் பூசினேன். நெடி அவர்கள் வீடுவரை போயிருக்கும். அவன் மனைவி சரோஜா எட்டிப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு சமைக்காதீங்க, எங்க வீட்டுலயே சாப்பிட்டுக்கலாம்," என்றாள். பெருமை காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பதா? "வேணாம்மா" என்றுவிட்டேன். கல்யாணி சமைத்தாள், பாத்திரம் கழுவினாள். சிலிக்கோன் பாலாடை போல உரிந்து வந்தது.

கடைக்காரர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ரசமாவது ஒன்றாவது! சமையலறையைக் காயவிட்டுவிட்டு வந்திருக்கிறான், கள்ளப் பயல். சரோஜா கூப்பிட்டதும் அதற்குத்தான்.

அந்த புளோக்கை இடித்துவிட்டார்கள். மூர்த்தி குடும்பம் எங்கே போனதென்று தெரியாது. நாங்கள் இப்போது புக்கிட் பாத்தோக்கில். இன்று காலை பூசி முடித்தேன். கல்யாணி வெளியே எட்டிப் பார்த்தாள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தன.

"சமைக்காம யாரு வீட்டுலங்க போய்ச் சாப்பிடுறது?"

போனில் பிரியாணிக்குச் சொன்னேன். மூர்த்திக்கு இப்போது பக்கத்து வீட்டில் எவனோ இருப்பானே, அவனை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.