ஸ்டாக் போட்டோ விற்கப் பிச்சாவரம் போன கதை

இணையத்தில் படம் விற்கலாம், வெளிநாட்டுக்காரன் வாங்குவான் என்று 2009 தொடக்கத்தில் எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. கடலூரில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வேலை, கையில் செகண்ட் ஹேண்ட் கேமரா. நான் பார்த்து வைத்திருந்த தளத்தில் சேர ஒரு பரீட்சை உண்டு. பத்துப் படம் அனுப்பி ஏழு தேற வேண்டும், தோற்றால் ஒரு மாதம் சும்மா இருக்க வேண்டும். முதல் தடவை நான் அனுப்பிய செம்பருத்தி, பூனை, கடற்கரைச் சூரியன் எல்லாவற்றையும் திருப்பிவிட்டார்கள். பூனையின் மூஞ்சி ஃபோகஸில் இல்லையாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறு யாரும் அதிகம் எடுக்காத இடமாக வேண்டும் என்று யோசித்து, பிச்சாவரம் போக முடிவு செய்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மஞ்சக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்ட் போய், 5.40 சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன். 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதினாறு ரூபாய். சிதம்பரத்தில் அவசரமாக நாலு இட்லி. 7.15க்குக் கிள்ளை வழியாகப் போகும் டவுன் பஸ், இன்னொரு 16 கிலோமீட்டர், ஐந்து ரூபாய். எட்டு மணிக்குப் படகுத்துறையில் நின்றேன். அங்கே எனக்கு வாய்த்த படகுக்காரர் பெயர் ராஜேந்திரன். நாற்பது வயதிருக்கும், பேச்சுக்காரர்.

அகலமான கால்வாய் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தவர், சின்ன வாய்க்காலுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்றன. தலைக்கு மேல் வானமே இல்லை. வெளிச்சம்கூடப் பச்சையாக விழுந்தது. அவர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் ஒரு சத்தமும் இல்லை, பறவைகூட இல்லை. அப்போதுதான் அது கேட்டது. யாரோ மூக்கால் மட்டும் மூச்சு விடுகிற சத்தம், மிக அருகில். நீர்நாயாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படகின் பின்முனையில் இருந்த ராஜேந்திரனிடம் கேட்கலாம்தான். பேசினால் படகு ஆடும், படம் கெடும். கேட்காமல் எடுத்தேன். மணி 8.50.

இந்தத் தளங்களில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கித்தான் சோதிப்பார்கள். அதனால் வீட்டுக்கு வந்ததும் நானும் கணினியில் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இடது ஓரம், வேர்களின் நிழலில், தண்ணீருக்கு மேல் ஒரு தலை இருந்தது. இரண்டு கண்களும் என்னையே பார்த்தன. மூக்குக்குக் கீழே முகம் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. அங்கே பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து, கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அது வாயை மறைத்திருக்கிறது. கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டையின் காலர்கூடத் தெரிந்தது. பயம் போனதும் எரிச்சல் வந்தது. ஆள் தெரிந்தால் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கேட்பார்கள். நான் எங்கே போய் வாங்குவது? பக்கத்திலிருந்த நிழலை எடுத்துத் தலைமேல் பூசிப் பூசி இருபது நிமிடத்தில் ஆளை அழித்தேன். அதே பெயரில் சேமித்தேன். இருந்தது ஒரே மெமரி கார்டு, அதையும் ஃபார்மட் செய்தேன். மறுபடி அனுப்பிய பத்தில் ஏழு படம் தேறியது. அதில் இதுவும் ஒன்று.

மூன்று வாரம் கழித்து, அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ராஜேந்திரனுக்குக் கொடுக்கப் போனேன். கொஞ்சம் பெருமையும்தான். அவர் ஆளே கறுத்துப் போயிருந்தார். பக்கத்தில் தாடியோடு ஒருவர்.

"இவுரு எங்க மச்சான் சார், தங்கச்சி வூட்டுக்காரரு. நீங்க வந்தீங்களே, அன்னிக்கி எறா தடவப் போன தங்கச்சி இன்னும் வரல" என்றார் ராஜேந்திரன். "கூடப் போறவங்க எல்லாம் முகத்துவாரம் பக்கம் போனாங்க. இது லேட்டா தனியா போயிருக்கு. அந்தப் பக்கம் பூரா தேடியாச்சி."

"ஊர்ல வேற மாதிரி பேசறாங்க சார்" என்றார் மச்சான். "எவன் கூடயோ போயிட்டாளாம். அவ தண்ணில எறங்குனாளா இல்லியா, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

"கட்டம் போட்ட சட்டையா?" என்றேன்.

"என் சட்டை" என்றார்.

படத்தில் ஒரு தலை இருந்ததையும், அதை நான் அழித்ததையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஏன் அழித்தேன் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. "அவ இருந்தா ஒங்க படத்துக்கு என்னா சார் கெட்டுச்சி?" என்று கேட்டார்.

பிறகு பிரிண்டை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். நான் எந்த இடம் என்று சொல்லவே இல்லை. அவர் விரல் நேராக இடது ஓரத்துக்குப் போய் நின்றது. "இது மீன் போற அலை இல்ல. ஆளு நடந்தா தண்ணி இப்டித்தான் வெலகும்." தலையை அழித்த நான் தண்ணீரில் இருந்த வளையத்தைப் பார்க்கவில்லை. அவரும் இறால் தடவுகிறவர்.

மூன்று பேரும் அந்த வாய்க்காலுக்குப் போனோம். வேர்களுக்கு நடுவே, தண்ணீரில் நிற்கிற ஆளின் தலை உயரத்தில், பறி மாட்டியிருந்தது. உள்ளே காய்ந்த இறால் ஓடு. தாடிக்காரர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஓடிப் போறவ பறிய இங்க மாட்டிட்டா போவா?" என்று ராஜேந்திரனிடம் கேட்டார். ராஜேந்திரன் வாய்விட்டு அழுதார். அன்று அந்த வழியாக என்னைப் படகில் கொண்டு வந்தவரே அவர்தான். அந்த மூச்சுச் சத்தத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண் கிடைக்கவில்லை. ஊர்ப் பேச்சு மட்டும் நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஸ்டாக் தளங்களில் விற்க நினைத்துப் பிச்சாவரம் போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஒன்பதரைக்கு மேல் வெயில் வேர்களின் மேல் துண்டு துண்டாக விழும், அதற்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதக் கடிதம் நாலு பிரதி பையில் இருக்கட்டும். மூலப் படத்தின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். ஏதாவது சத்தம் கேட்டால், படம் கெட்டாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து கேளுங்கள்.

அந்தப் படம் இன்னும் அவ்வப்போது விற்கிறது. தளத்திலிருந்து எடுத்துவிட நினைத்தேன், கை வரவில்லை. ஒரு நாள் அதன் விவரப் பக்கத்தைத் திறந்தேன். படத்தில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கும், பூஜ்யம் போட்டிருந்தேன். அதை ஒன்று என்று மாற்றினேன். இரண்டு நாளில் தளத்துக்காரர்களிடமிருந்து பதில் வந்தது: இந்தப் படத்தில் யாரும் இல்லை, திருத்தவும்.