அவள் சொன்னதும் நான் சொன்னதும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொன்னது முழுப் பொய்.

தொண்ணூறுகளின் கடைசியில் சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் சோஷியல் டீச்சராக இருந்தேன். தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் மீடியம் போர்டு முளைத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்துப் பள்ளிக்காரர்கள் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போனாலும் நாங்களும் போயாக வேண்டும், இல்லாவிட்டால் மானம் போய்விடும். அப்படித்தான் அந்த வருஷம் ஏழாம் வகுப்பைத் திருப்பதி போகும் வழியில் புதிதாகத் திறந்திருந்த கலாச்சார கிராமத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். பழங்குடிகளின் வாழ்க்கையைப் பிள்ளைகள் நேரில் பார்த்து, கட்டுரை எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். போகிற வழியில் காணிப்பாக்கத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டோம், புளியோதரை சாப்பிட்டோம், பஸ்ஸில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். எல்லாப் பள்ளி டூரும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் ஊர் விஜயபுரத்துப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நைனா, அதாவது என் அப்பா, பாதி வாழ்க்கை அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தார், பிறகுதான் எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் வந்தது. சித்தூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி இன்னொரு டீச்சரைப் பற்றிப் பேசும்போது “அதி அரவ பிள்ள” என்று சொல்லிச் சிரித்தாள். அரவம் என்றால் தமிழ், அவ்வளவுதான் அர்த்தம். மற்றதெல்லாம் அவள் உதட்டைச் சுழித்த விதத்தில் இருந்தது. அன்றோடு நான் பள்ளியில் தமிழ் பேசுவதை விட்டேன். ஒருமுறை என்னைப் பார்க்க வந்த நைனாவைக்கூட கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிறுத்தி, தெலுங்கிலேயே நாலு வார்த்தை பேசி அனுப்பிவைத்தேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்தேன். வெட்கக்கேடு.

கலாச்சார கிராமத்தின் வாசலில் மரம் மாதிரி சிமெண்டில் ஒரு வளைவு. உள்ளே சிமெண்ட் மான், சிமெண்ட் பாறை. குயவர் வீடு என்று ஒன்று. சக்கரத்துக்கு முன்னால் வேட்டி கட்டிய பொம்மை உட்கார்ந்திருந்தது. நெசவாளர் வீட்டிலும் பொம்மைதான். கடைசியில் இருந்த இருளர் குடிசையில் மட்டும் உயிருள்ள மனுஷர்கள். “இது லைவ் மேடம்” என்று கைடு பெருமையாகச் சொன்னான். கடப்பா பக்கத்துப் பையன். சுறுசுறுப்பானவன், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

புல் வேய்ந்த குடிசைக்கு முன்னால் முப்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை, பகல் நேரத்தில் சுருண்டு படுத்திருந்தது. எதிரே ஒரு சாக்கு விரித்து அதில் கிழங்கு, தேன் பாட்டில், எலி வளைக்குள் புகை ஊதும் ஓட்டைப் பானை. பக்கத்தில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு. அதில் கடைசி வரி இது: “இவர்கள் சாவு நடந்த வீட்டில் குடியிருக்க மாட்டார்கள். அந்த வீட்டைப் பிரித்துவிட்டு வேறு இடத்தில் குடிசை போட்டுக்கொள்வார்கள்.” பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்தான் ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள் என்று அதட்டியிருந்தேன்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள் போல. அந்தச் சிரிப்பை மாற்றாமலே பேசினாள்.

“எக்கா, நீ கெணத்துமேட்டு ஊட்டுப் பொண்ணுதான? உங்க நைனா மல்லாட்டக் கொல்லில நாங்கதான் எலி புடிப்போம். இவங்களாண்ட கொஞ்சம் சொல்லுக்கா. என் சின்னது இந்த ஊட்லதான் ஜொரத்துல பூடுச்சி. பொதச்சி பத்து நாளாவுது. இன்னும் இதுக்குள்ளயே படுத்துக்கினு கீறோம். படுக்கக் கூடாதுக்கா. இப்ப பாரு, பெரியவளுக்கும் ஒடம்பு காயுது. மேனேஜருக்குக் கையக் காட்டிக் காட்டிச் சொன்னேன், அவருக்குப் புரியல. இவ அப்பனுக்குத்தான் தெலுங்கு வரும், அவரு பெங்களூருல கட்டட வேலைக்குப் பூட்டாரு. நம்மூரு ஏரிக்கரைக்கே போய்க்கலாம்னா அங்க கல்லு நட்டு பிளாட் போட்டுட்டாங்க. இத்தப் பிரிச்சி அதோ அந்தப் புங்க மரத்தாண்ட போட்டுக்கறேன்னு கேளுக்கா. வேற ஒண்ணும் வாணாம்.”

எல்லாம் புரிந்தது. என் வீட்டில் பேசும் தமிழ், புரியாமல் எங்கே போகும்? எங்கள் நிலக்கடலைக் கொல்லையில் எலி வளையைத் தோண்டிக்கொண்டிருந்த குடும்பமும் ஞாபகம் வந்தது. அந்தக் கூட்டத்தில் இவள் சின்னப் பெண்ணாக இருந்திருப்பாள்.

நாற்பது பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்களோடு வந்திருந்த கரஸ்பாண்டென்ட் மனைவியும் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

“ஏமண்ட்டோந்தி மேடம்? மீகு அரவம் வச்சா?” என்றான் கைடு. என்ன சொல்கிறாள், உங்களுக்குத் தமிழ் வருமா என்று கேட்டான், கேட்டதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

“ஏதோ கொஞ்சம் புரியும்” என்று தெலுங்கில் சொன்னேன். “எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடுறா. தேன் இருக்காம், கிழங்கு இருக்காம்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். கரஸ்பாண்டென்ட் மனைவியும் தட்டினாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, எங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

“சொல்ட்டியாக்கா?”

நான் தலையை ஆட்டினேன். பிறகு பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லி பஸ்ஸுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். போர்டில் இருந்ததை அப்படியே காப்பி அடித்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் சொந்தமாக யோசித்து எழுதியிருந்தாள்: “இந்த மக்கள் சாவு நடந்த வீட்டைப் பிரித்துவிடுவார்கள். நாங்கள் போனபோது அந்த வீடு நன்றாக இருந்தது. எனவே அங்கே யாரும் சாகவில்லை.” அந்த நோட்டைத் தனியாக எடுத்து வைத்தேன். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அதற்கு மேல் எதையும் திருத்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பதி பஸ் ஏறினேன். மேனேஜரிடம் சொல்ல வேண்டியதைத் தெலுங்கில் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். ‘அவள் தேனைப் பற்றிப் பேசவில்லை சார், நான் தமிழ்க்காரி, நான் மறைத்துவிட்டேன்.’ வழியெல்லாம் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்ததில் கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது.

இருளர் குடிசை அதே இடத்தில் இருந்தது. கூரைப் புல் மட்டும் புதிது, வாசனைகூட இன்னும் போகவில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளே சேலை கட்டிய ஒரு பொம்மை, அதன் மடியில் ஒரு சின்ன பொம்மை.

கைடு என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தான். அவன் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த முறை ஒழுங்காகவே மொழிபெயர்க்கிறேன்.

“அந்தக் கதையை ஏன் கேக்குறீங்க மேடம். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே அந்தப் பொம்பளை குடிசையைப் பிரிச்சுப் போட்டுட்டா. காலையில வந்து பார்த்தா எல்லாம் தரைமட்டம். கழியெல்லாம் தூக்கிட்டுப் போய் அந்தப் புங்க மரத்துக்கிட்ட நட்டுக்கிட்டு இருக்கா. அன்னிக்கு நாலு பஸ் வர்ற நாள். மேனேஜருக்கு வந்த கோவம் இருக்கே! வெளிய போன்னு வாட்ச்மேனை விட்டுத் தள்ளச் சொன்னாரு. அவ போக மாட்டேன்னு என்னவோ கத்துறா. கைதட்டிக் கைதட்டிக் காட்டுறா. எங்களுக்கு ‘டீச்சர், டீச்சர்’னு சொன்னது மட்டும்தான் புரிஞ்சது. பொண்ணுக்கு வேற உடம்பு நெருப்பா கொதிச்சுதாம். இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு ரோட்டுல நடந்து போயிட்டா.”

“எந்தப் பக்கம் போனா?”

“யாருக்குத் தெரியும். இனிமே பொம்மையே போதும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. தொல்லை இல்லை பாருங்க.” பிறகு அவனே கேட்டான்: “உங்களுக்குத்தான் கொஞ்சம் புரியும்னு சொன்னீங்களே மேடம். அன்னிக்கு நெஜமா என்னதான் சொன்னா?”

பஸ்ஸில் அடுக்கி வைத்த வார்த்தைகள் அத்தனையும் வாயில் இருந்தன. இப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. கோழைகளுக்கு இந்த மாதிரிக் கேள்வி எப்போதும் கைவசம் இருக்கும்.

“தேன், கிழங்குன்னுதான் சொன்னா” என்றேன்.

அங்கிருந்து நேராக எங்கள் ஊருக்குப் போய் ஏரிக்கரையில் தேடினேன். கரை ஓரமாக வரிசை வரிசையாக வெள்ளை அடித்த கற்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை என்றார்கள். பெங்களூருக்கே புருஷனைத் தேடிப் போயிருப்பாள் என்று ஒருவர் சொன்னார், அவரும் ஒரு ஊகத்தில்தான் சொன்னார். அந்தப் பெண்பிள்ளை பிழைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளும் உரிமைகூட எனக்கு இல்லை.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியபோது அந்த நோட்டு மேஜையிலேயே இருந்தது. மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். “எனவே அங்கே யாரும் சாகவில்லை” என்ற வரிக்குப் பக்கத்தில் சரி போட்டு, பத்துக்குப் பத்து கொடுத்தேன்.