முந்திரிப் பாட்டில் விட்டுப்போன வரி

எனக்குப் பொறாமை உண்டு. அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது. சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு மாடி ஹாலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அவளும் அவள் புருஷனும் சில வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவர்கள் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள், வீட்டுக்குள்ளேயே கச்சேரி வைப்பது. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, மேடை கிடையாது. சோபாவை ஓரம் தள்ளி ஜமுக்காளம் விரித்தால் இருபது பேர் உட்காரலாம். அந்த நாட்டுக் கிராமப் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் யாராவது புதுச்சேரிப் பக்கம் வந்தால், எப்படியோ பேசி ஒரு சாயங்காலம் தன் வீட்டுக்கு வரவழைத்துவிடுவாள். பாடுகிறவர் முட்டியும் கேட்கிறவர் முட்டியும் இடிக்கும்.

மைக் இல்லாததால் வீட்டில் வேறு சத்தமே கூடாது. காலிங் பெல்லை நிறுத்திவிடுவார்கள். ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதத்தில்கூட! வேர்த்து ஊற்றிக்கொண்டே எல்லோரும் பாட்டு கேட்பார்கள். கடலூர் முதுநகரிலிருந்து பஸ் பிடித்து மத்தியானமே போய்ச் சுண்டல் செய்வது நான். சமையலறை வாசல்வரை வந்து, "அண்ணி, தாளிக்கிறத முன்னாடியே முடிச்சிடுங்க, கடுகு வெடிக்கிறது ஹால்ல கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போவது அவள்.

இந்தக் கச்சேரியில் கடைசியாக ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, "இப்போது உங்கள் வீட்டுப் பாட்டு ஒன்று" என்று கேட்பார்கள். முதல் தடவை எதிர்வீட்டு மாமி எழுந்து தேவாரம் பாடினார். அடுத்த தடவை கீரப்பாளையத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் நடவுப் பாட்டு பாடினார். இரண்டு தடவையும் நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். மூன்றாவது தடவை என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு பாட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

என்னிடம் பாட்டு இருந்தது. நான் பண்ருட்டிப் பக்கம். என் அம்மா முந்திரி உடைத்தவள். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு, கல்லில் கொட்டையை வைத்து, கட்டையால் தட்டித் தட்டி உடைக்கும்போது அந்தத் தட்டுக்கே ஒரு பாட்டு பாடுவாள். ஓட்டிலிருந்து தெறிக்கும் பால் கையைச் சுடுவதைப் பற்றிய பாட்டு.

ஓட்ட உடச்சா பால் தெறிக்கும்
தெறிச்ச பாலு கையச் சுடும்

மூன்றாவது வரி எனக்கு மறந்துபோயிருந்தது. கேட்க அம்மாவும் இல்லை. அந்த இடத்தில் ம்ம்ம் என்று இழுத்துவிட்டு நாலாவது வரிக்குப் போய்விடுவேன். நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தபோது, அவள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்ததும் இந்தப் பாட்டால்தான். எனக்குத் தாலாட்டு தெரியாது.

அந்த மூன்றாவது சாயங்காலத்துக்காகப் புதுச் சேலை கட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வந்திருந்தவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவரிடம் பேன்ஜோ, வட்டமான தோலின் மேல் கம்பி கட்டிய வாத்தியம். அவள் கையில் கிட்டார். சுரங்க வேலைக்கு ஆளைக் கொண்டுபோன ரயிலைப் பற்றி அவள் பாடினாள். நாத்தனார் அர்த்தம் சொன்னாள். பாவி, அந்த வெள்ளைக்காரி என்னமாய்ப் பாடினாள்! தொண்டையை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் குறை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். ஜங்ஷன் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், தினமும் ரயில் சத்தம் கேட்கிறேன், எனக்கு இப்படி ஒரு பாட்டு வரவில்லையே என்று அவள்மேலும் பொறாமை வந்தது.

பாடி முடித்து வாத்தியத்தை வைத்தார்கள். வழக்கம்போலக் கேட்டார்கள். நாத்தனார் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் என்மேல் நின்றது. நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"அண்ணி, டீ ஆறிடப்போவுது, ஊத்திடுங்களேன்" என்றாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "நானே பாடறேன். இது எங்க வீட்டுப் பாட்டு" என்றாள்.

ஓட்ட உடச்சா பால் தெறிக்கும் என்று ஆரம்பித்தாள்.

எங்க வீடாம்! முந்திரியைக் கடையில் வறுத்த பருப்பாகத்தான் பார்த்திருப்பாள். என் கையில் டீ கெட்டில் இருந்தது, நல்லவேளை, இறக்கி வைத்தேன். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து தலையாட்டினார். வீட்டில் என் பாட்டுக்கு ஒருநாளும் ஆடாத தலை.

மூன்றாவது வரி வந்தது. ம்ம்ம் என்று இழுத்தாள், நான் இழுப்பது மாதிரியே. என் மறதியைக்கூட விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அமெரிக்காக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இடம்தான் பாட்டிலேயே அழகு என்றார். பேன்ஜோவை எடுத்து அதை மட்டும் வாசித்தார். மறுபடி பாடச் சொன்னார். ஹாலே சேர்ந்து ம்ம்ம் என்றது. எதிர்வீட்டு மாமி கண்ணை மூடிக்கொண்டு ம்ம்ம் என்றார்.

மூன்றாம் தடவை எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தபோது அந்த வரி எனக்கு வந்தது. அம்மாவின் குரலில், கட்டை தட்டும் சத்தத்தோடு, ஒரு சொல் விடாமல் வந்தது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டம்ளர் எடுக்க வந்த நாத்தனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, உங்க பாட்டத்தான் பாடிட்டேன், கோச்சிக்கலயே? அவுங்களுக்கு ஜாஸ்தி புடிச்சிடுச்சி. ஊருக்குப் போயி பாடப்போறாங்களாம். அந்த ம்ம்ம் வர்ற எடத்துல வார்த்த எதுனா இருக்குதான்னு கேக்குறாங்க."

"இல்லம்மா" என்றேன். "அங்க ஒண்ணும் கெடையாது. ம்ம்ம்தான்."

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். ஹாலில் யாரோ ஃபேனைப் போட்டார்கள்.

கடலூர் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். நான் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டு பாட்டை முழுசாகப் பாடினேன், நாலு வரியும். அந்தத் தம்பதி இப்போது எந்த ஊர் ஹாலில் உட்கார்ந்து ம்ம்ம் என்று இழுக்கிறார்களோ, இழுக்கட்டும். மூன்றாவது வரி என்னிடம் இருக்கிறது. இங்கேயும் அதை எழுதப்போவதில்லை.