'கிடா மட்டும்' விற்கும் கடை

கிள்ளானில் கன்னையாவின் ஆட்டிறைச்சிக் கடை முகப்பில் 'கிடா மட்டும்' என்று ஒரு பலகை தொங்கும். அது முழு உண்மை இல்லை என்பதை வெளியாட்களில் முதலில் தெரிந்துகொண்டவள், பிறந்ததிலிருந்து ஆட்டிறைச்சியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஜனகாதான்.

ஜனகா பிரிக்பீல்ட்ஸ்காரி. யாழ்ப்பாண வம்சம், முட்டைகூட நுழையாத வீடு. அவள் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதோ ஆட்டின் சூலகம், கருமுட்டை விளையும் உறுப்பு. கடை கடையாகப் போய், "பெட்டை ஆட்டோட சூலகம் கிடைக்குமா அண்ணே" என்று கேட்டாள். ஒருவர் சிரித்தார், ஒருவர் பில்லி சூனியமா என்று முறைத்தார். கன்னையா மட்டும் பலகையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பின்னாடி வாங்க" என்றார்.

அதிலிருந்து அவர் போன் செய்வார். போனில்கூடப் பெட்டை என்ற சொல் வராது. "தங்கச்சி, உங்க சாமான் வந்திருக்கு." வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய பிளாஸ்க்கோடு ஜனகா கொமூட்டர் ரயில் ஏறுவாள். திரும்பும்போது பக்கத்து இருக்கை ஆன்டி "காப்பியாம்மா" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

"இத வச்சு அப்படி என்னதான் பண்றீங்க?" என்று கன்னையா ஒரு நாள் கேட்டார்.

ஜனகா யோசித்தாள். "இதுக்குள்ள கொப்புளம் மாதிரி சின்னச் சின்னப் பை இருக்குண்ணே. ஒவ்வொரு பையும் ரெண்டு மாடி வீடுன்னு வச்சுக்குங்க. மேல்வீட்டு அக்கா மாவு மட்டும் ஆட்டுவாங்க. கீழ்வீட்டு அக்கா அந்த மாவ வாங்கி இட்லி ஊத்துவாங்க. அந்த இட்லிதான் ஈஸ்ட்ரோஜென். மூளையிலிருந்து ரெண்டு பேருக்கும் தனித்தனியா போன் வரும். மேல்வீட்டுக்கு எல்.ஹெச்.னு ஒரு ஹார்மோன், கீழ்வீட்டுக்கு எஃப்.எஸ்.ஹெச்.னு ஒண்ணு. எந்த போன் அடிச்சா எவ்வளவு இட்லி வெந்துச்சுன்னு எண்ணுறதுதான் என் வேலை."

"ஒரு வீட்ல மட்டும் போன் அடிச்சா?"

"மேல்வீட்ல மட்டும் அடிச்சா மாவு புளிச்சுக் கிடக்கும். கீழ்வீட்ல மட்டும் அடிச்சா சட்டி சும்மா கிடக்கும்."

கன்னையாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இன்னைக்கு நல்ல மட்டன் எடுத்துட்டுப் போங்க, நான் தரேன்லா."

"நாங்க சைவம் அண்ணே."

கன்னையா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கோயில் வாசலில் நிற்பவர்போல முகம் மாறியது. "இத்தனை நாளா சொல்லவே இல்லையே."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதுவரை ஜனகா சூலகச் செல்களை வளர்க்கும் கிண்ணங்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன. அதற்குப் பிறகு வந்த சூலகங்களில் ஒரு செல்லும் வேலை செய்யவில்லை. ஹார்மோன் ஊற்றிய கிண்ணமும் ஊற்றாத கிண்ணமும் ஒன்றுபோலச் செத்துக் கிடந்தன. எத்தனை போன் அடித்தும் எந்த வீட்டிலும் எடுக்க ஆளில்லை.

மேற்பார்வையாளர் டாக்டர் வசுந்தரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாசக் கடைசிக்குள்ள ஒரு நல்ல ரிசல்ட் காட்டு, ஜனகா. இல்லன்னா இன்னொரு வருஷம் இழுக்கும்." புரட்டாசியோ நாளை மறுநாள் பிறக்கிறது. கன்னையா கடையை அடைத்தால் ஐப்பசியில்தான் திறப்பார்.

ஆய்வுக்கூடத் தோழி ஜோஆன்தான் பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தாள். "ஏய், இது மட்டன் கழுவுன தண்ணி."

"அந்த மஞ்சள் கலர், பைக்குள்ள இருக்கிற நீரோடது ஜோ. அப்படித்தான் இருக்கும்."

"மூக்க வச்சுப் பாரு லா. எங்கம்மா ஞாயித்துக்கிழமை கழுவுற அதே வாசம். இது மஞ்சத்தூள்."

ஜனகா பிளாஸ்க்கைத் திறக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வாள். அன்றுதான் முதல் தடவையாக முகர்ந்தாள். அம்மாவின் சாம்பார் வாசம் வந்தது.

மறுநாள் கன்னையா கடையில் கூட்டம் ரோடு வரை நின்றது. ஒரு மாதத்து ஆசையை ஒரே நாளில் தீர்த்துக்கொள்ள வந்த கூட்டம். போனை அவர் எடுக்கவே இல்லை. ஜனகா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அண்ணே, என் சாமானுக்கு மஞ்சள் போடாதீங்க."

"கவிச்சி அடிக்கும்மா. சைவக் கை படுற பொருள். நானே நின்னு மூணு தண்ணி அலசுறேன்."

"அதுலதான் செத்துப் போகுதுண்ணே."

வரிசையில் முதலாவதாக நின்ற தங்கமணி ஆன்டி கழுத்தை நீட்டினார். "வெட்டுன ஆடு இன்னொரு தரம் வேற சாகுமா? அப்படி என்ன பாகம் அது? எனக்கும் அரைக்கிலோ போடுங்க பாஸ்."

கன்னையாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. வரிசை முழுக்க ஜனகாவையே பார்த்தது. வாயைத் திறந்து சூலகம் என்றால் பலகை இறங்கிவிடும். திறக்காமல் திரும்பினால் ஒரு வருஷம் போய்விடும்.

"ஆராய்ச்சிக்கு ஆன்டி," என்றாள் ஜனகா. "சாப்பிட்டா வயித்தால போகும்."

தங்கமணி ஆன்டி ஓரடி பின்வாங்கினார். கன்னையா கத்தியைத் துடைத்துவிட்டு, "ஒரு நிமிஷம்லா" என்று வரிசையிடம் சொல்லி, அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பந்திங் பண்ணையிலிருந்து வந்த இரண்டு பெட்டைகள், மடி தெரியாமலிருக்க இடுப்பில் கோணி கட்டிக்கொண்டு கௌரவமாக நின்றிருந்தன. கூட்டம் கலைந்தபின் அறுக்கலாம் என்று வைத்திருந்தாராம். அவளுக்காக அப்போதே அறுத்தார். மஞ்சள் டப்பாவை அவர் கைக்கு எட்டாத தட்டில் அவளே தூக்கி வைத்தாள்.

அந்த வாரம் இட்லி வெந்தது. எல்.ஹெச். மட்டும் ஊற்றியதில் கொஞ்சம், எஃப்.எஸ்.ஹெச். மட்டும் ஊற்றியதில் கொஞ்சம், இரண்டும் சேர்த்து ஊற்றியதில் திரையின் கோடு செங்குத்தாக ஏறியது. டாக்டர் வசுந்தரா கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

ஐப்பசியில் கடை திறந்ததும் ஜனகா நேரில் போனாள். "நன்றியுரையில உங்க பேரும் கடை பேரும் போடப் போறேன்ணே."

கன்னையாவுக்கு முகமெல்லாம் பல். "அச்சுலயா? என்னன்னு போடுவீங்க?"

"ஆட்டுச் சூலகம் தந்து உதவிய..."

பல் ஒவ்வொன்றாக மறைந்தது. கன்னையா வெளியே எட்டி ஒருமுறை பலகையைப் பார்த்துக்கொண்டார்.

"கிள்ளான்ல ஒரு அண்ணன்னு போடுங்க தங்கச்சி. அது போதும்லா."