பின் அடித்த உறை

சீனி வியாதி கனகம்மாவின் கண்ணைக் கொண்டுபோனது, வாயைக் கொண்டுபோகவில்லை. அடம்பனில் மாடு வளர்த்துப் பால் விற்றவள், என் பக்கத்து வீட்டுக்காரி. பார்வை போனபின் தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். ஆனாலும் தன் மருந்துக் குளிசைகளைத் தானே எடுத்து விழுங்குவாள். தன் கையால் செய்ய அவளுக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

அதற்கு வழி செய்தவன் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பவ்ஸான். அங்கே மற்றவர்கள் மருந்து உறையில் கிறுக்கிவிட்டு அவள் காதுக்குள் கத்துவார்கள். கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று யார் சொன்னார்களோ!

"கத்தாதேங்கோ தம்பி, கையில தெரியிற மாதிரி ஏதும் செய்து தாங்கோ" என்றாள். பவ்ஸான் ஸ்டேப்ளரை எடுத்துக் காலை உறையில் ஒரு பின், இரவு உறையில் இரண்டு பின் அடித்துக் கொடுத்தான். விரலால் தடவினால் போதும். அன்று என்னோடு பஸ்ஸில் திரும்பும்போது வாய் ஓயவில்லை அவளுக்கு.

பிறகு தம்பியின் குழந்தை, உறையிலிருந்து கழன்று விழுந்த ஸ்டேப்ளர் பின் ஒன்றை வாயில் போட்டது. தாய் சிவதர்சினி விரல் விட்டு எடுத்துவிட்டாள். அன்றே பின்களையெல்லாம் பிடுங்கி எறிந்து, குளிசைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பெற்ற வயிறு, பிழை சொல்ல முடியாது.

அன்றுமுதல் கனகம்மா கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.

"இது எந்தக் குளிசை?"

"நான் பாத்துத்தான் தாறன் மச்சாள், குடியுங்கோ."

ஒருநாள் வேலிக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குள்ள என்ன போகுதெண்டே எனக்குத் தெரியேல்லை. பயமா இருக்கு" என்றாள்.

"பின் வேண்டாம். பவ்ஸானிட்ட உறையின்ர மூலையை வெட்டித் தரச் சொல்லு. காலைக்கு ஒரு மூலை, இரவுக்கு ரெண்டு" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த கிளினிக்குக்கு கனகம்மா, சிவதர்சினி, நான் மூவரும் போனோம். "அக்கா, பின் அடிக்கவோ?" என்றான் பவ்ஸான்.

"வேண்டாம் அண்ணை, இனி நான்தான் குடுக்கிறன்" என்றாள் சிவதர்சினி.

"நான் அக்காவைத்தான் கேட்டனான்."

நான் கனகம்மாவை இடித்தேன். அவள் பிடித்திருந்தது சிவதர்சினியின் கையை. சோறு போடுவதும் குளிக்க வார்ப்பதும் வீட்டுக்குக் கூட்டிப்போவதும் அந்தக் கைதான்.

"வேண்டாம் தம்பி. அவ பாக்கிறா."

திரும்பும் பஸ்ஸில் கனகம்மா உறைகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவினாள். எல்லாம் ஒரே வழவழப்பு. "காலைக் குளிசை எது?" என்று மெல்லக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் சிவதர்சினி உறைகளை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.